சாவடியில் இறங்கிய கதாநாயகி

எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை உண்டு. இந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் ஓசூர்ச் சாவடியில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, ஆண்களை இறக்கி மடியைத் தடவிப் பார்ப்பார். பெண்களைத் தொடமாட்டார்.

நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். அன்று பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தவர், பெண் வேஷத்துக்காக ஜில்லாவே கொண்டாடிய நாடக நடிகர். அத்திப்பள்ளித் திருவிழாவில் பகல் நாடகம் முடித்து, கிருஷ்ணகிரியில் மாலை நாடகத்துக்குப் போகிறார். வேஷம் கலைக்க நேரமில்லை என்று பட்டுப்புடவையோடே ஏறியிருந்தார். பித்தளை வளையல்களை அடிக்கடி முழங்கைக்குத் தள்ளிக்கொள்வது அவர் பழக்கம்.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கியாச்சா?" என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி மாட்டினால் வேலை போய்விடும். இல்லை என்றால் அவரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்.

அவரே எழுந்தார். இறங்கி ஆண்கள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"நானும் ஆம்பளைதாங்க. பாத்துக்குங்க," என்றார் கட்டைக்குரலில்.

போலீஸ்காரரின் கை இடுப்புவரை வந்து நின்றது. கொசுவத்தைப் பார்த்தார், மையிட்ட கண்களைப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"போய் ஏறும்மா."

பஸ் கிளம்பியதும் கேட்டேன். "பேசாம உக்காந்திருக்கலாமே, ஏன் எறங்குனீங்க?"

"உக்காந்திருந்தா சந்தேகம் வரும் கண்டக்டரே. கையத் தூக்கிட்டு நின்னா எவனுக்குத் தொட மனசு வரும்?"

சிரித்தபடி கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பக்கமிருந்து கண்ணாடியோடு கண்ணாடி மோதும் சத்தம் மெல்லக் கேட்டது.

அவர் கையில் கண்ணாடி வளையல் ஒன்றுகூட இல்லை.