விட்டுப்போன வசனம்

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போது ஆண்டவர்கூடக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். குடும்ப ஜெபத்தின் நடுவில் அப்பா விரலை வசனத்தின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த வரி. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டிலும் அதே கதைதான்.

முன்பு ஒரே வீடு. தாத்தா போன பிறகு கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. போர்வெல் பெரியப்பா பக்கம் போயிற்று, கேட் எங்கள் பக்கம் வந்தது. அவர் தண்ணீர் விடவில்லை, இவர் வழி விடவில்லை. விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. சர்ச்சில்கூட ஒருவர் வலது பக்க பெஞ்ச் என்றால் மற்றவர் இடது பக்கம். பெரியப்பா மகளான அக்கா மட்டும் யாருக்கும் தெரியாமல் ஸ்கூல் பஸ்ஸில் எனக்கு ரிப்பன் கட்டிவிடுவாள்.

கேஸ் போட்ட வாரத்தில் அப்பா ஜெபத்துக்கு நூற்றொன்பதாம் சங்கீதத்தை எடுத்தார். எங்கள் ஆட்களிடம் எண்ணைச் சொன்னாலே போதும், வீட்டில் ஏதோ பகை என்று புரிந்துகொள்வார்கள். எதிரிகளால் நொந்துபோன ஒருவர், கடவுளே நீர் இவர்களைக் கவனித்துக்கொள்ளும் என்று முறையிடும் சங்கீதம் அது. எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதையும் விவரமாகவே கேட்டிருப்பார். எதிரியின் ஆயுள் குறைய வேண்டும், அவன் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நிற்க வேண்டும். அப்பா ஒரு வசனம், நானும் அம்மாவும் அடுத்த வசனம் என்று தினமும் மாற்றி மாற்றி வாசித்தோம். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான். சீக்கிரமே முழுச் சங்கீதமும் பைபிளைப் பார்க்காமல் வந்தது. அர்த்தத்தைப் பற்றி எனக்கென்ன கவலை, சொல்வதற்கு நன்றாக இருந்தது.

பெரியப்பாவும் அதையேதான் எடுத்திருக்கிறார் என்பது ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோது தெரிந்தது. ஃபேனும் தெருவிலிருந்த டிவிகளும் நின்றுபோக, சுவர் வழியாக அவர் குரல் தெளிவாக வந்தது. ஏறக்குறைய நாங்கள் இருந்த அதே இடம். அண்ணன் மேல் தம்பியும் தம்பி மேல் அண்ணனும் ஒரே கடவுளிடம் ஒரே மனுவைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. இரண்டு வீடும் வாயை மூடிக்கொண்டன.

சத்தம் ஓய்ந்ததும் முந்திக்கொண்டவர் பெரியப்பா. அவர் தன் வசனத்தை முடித்த உடனே, பழக்கதோஷத்தில், நான் உரத்த குரலில் அடுத்ததைச் சொல்லிவிட்டேன். எதிரியின் ஆயுள் குறையட்டும் என்ற வசனம். பெரியப்பாவுக்கே அதைச் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார்.

பிள்ளைகளைப் பற்றிய வசனம்தான் அடுத்தது, பெரியப்பா வாசிக்க வேண்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அதைத் தாண்டி, கீழே, நான் எளியவன், என் மனம் புண்பட்டிருக்கிறது என்று கெஞ்சுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

டிபன் பாக்ஸ் வாங்கியவளால் இதைப் பொறுக்க முடியுமா? சுவரிடம் ஓடிப்போய், "பெரியப்பா, நடுவுல விட்டுட்டீங்க" என்றேன். விட்ட முதல் வசனத்தை ஒப்பித்தும் காட்டினேன். அம்மா என் வாயைப் பொத்த எழுந்து வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெரியும் பாப்பா. அது வேணாம்மா."

சபையில் மூப்பராக இருப்பவருக்கு ஒரு சங்கீதம் ஒழுங்காக வாசிக்க வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அப்பாவிடம் திரும்பி, "நம்ம வீட்ல ஒண்ணுகூட விட மாட்டோம்லப்பா?" என்று கேட்டேன். அவர் பைபிளை மூடினார். என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஸ் அதற்குப் பிறகும் பல வருஷம் இழுத்தது. சங்கீதம் மட்டும் மறுநாளே மாறிவிட்டது, இரண்டு வீட்டிலும். பெரியப்பா விட்ட வசனத்தில் இருந்த பிள்ளை நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பா ஒருநாளும் விடாமல் வாசித்த அதே வசனத்தில், எனக்கு ரிப்பன் கட்டிவிடும் அக்கா இருந்தாள் என்பதும்.