ரகசியம் காத்ததற்கு நன்றி

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் துணைவேந்தர் பதவிக்கு ஆள் தேடினோம். இறுதிச் சுற்றுக்கு வந்த இருவரில் ஒருவர், வேறொரு கல்லூரியில் டீனாக இருந்த டாக்டர் சிவகாமி. விண்ணப்பத்தில் ஒரே ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: இப்போது வேலை செய்யும் இடத்தில் எதுவும் விசாரிக்க வேண்டாம்.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் நண்பனோடு வாழையிலைச் சாப்பாடு. அவன் அதே கல்லூரியில் விரிவுரையாளர்.

"உங்க டீன் ஆளு எப்படி லா?" என்றேன். நம் ஆட்களைப் பற்றி நம் ஆட்களிடம் கேட்பது எனக்கு விசாரணையாகவே தோன்றவில்லை.

"ஏன், உங்க பக்கம் வராங்களா?" என்று சிரித்தான். நான் பரிமாறுபவர் பக்கம் திரும்பி ரசம் கேட்டேன். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் சிவகாமி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இங்க மேனேஜ்மென்டுக்குத் தெரிஞ்சிருச்சு. டீன் பொறுப்புலேர்ந்து எடுத்துட்டாங்க. நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சரி. உங்க மேல சந்தேகம் இல்ல. சும்மா கேட்டேன்."

பதவி மற்றவருக்குப் போனது. டாக்டர் சிவகாமிக்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர் பதில் எழுதினார், என் மேலாளருக்கும் ஒரு பிரதி வைத்து: 'கடைசிவரை ரகசியம் காத்த உங்கள் அலுவலருக்கு நன்றி.'

அந்த மின்னஞ்சல் என் பணிக்கோப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மதிப்பீட்டின்போது யாராவது அதை எடுத்து உரக்க வாசிக்கிறார்கள். நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.