தவிலின் தொப்பிக்கு மூன்று பெட்டிகள்

வேலணையில் ஒரு கலியாண வீட்டில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரக்காரர் குனிந்து, "இறுப்பிட்டித் துரைராசா அண்ணை மோசம் போயிட்டாராம்" என்று சாவுச் செய்தியைச் சொன்னார். சற்று நேரத்தில் கெட்டிமேளம் கொட்டவேண்டியிருந்தது. கொட்டினேன்.

தீவுப்பகுதிக் கோயில்களில் குழாய் லவுட்ஸ்பீக்கர் பூட்டியவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகத் தெரியாது. அதை அவர் தொடங்கக் காரணம் என் வாய்க்கொழுப்பு.

புளியங்கூடலில் ஒரு திருவிழா முடிந்ததும் சனத்துக்கு முன்னால் அவரிடம் சொன்னேன்: "அண்ணை, உங்கட குழாய்க்குள்ளாலை என்ரை தவில் தகரப்பேணி மாதிரிக் கேக்குது. தொப்பி எங்கை போச்சு? இந்தச் செற்றோடை இனி எனக்கு வாசிக்க ஏலாது." தொப்பி என்பது தவிலின் இடப்பக்கம், கழியால் அடிக்கிற, அடிவயிற்றில் கேட்கிற பக்கம். அவர் வயரைச் சுருட்டியபடி, "ஓம், நீர் சொல்லுறது சரி" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். முற்றத்தில் மூன்று பெட்டிகள் நின்றன. ஒன்று அலுமாரியளவு, உள்ளே சத்தம் வளைந்து வளைந்து ஓடி அகன்ற வாயால் வெளியே வரும். அடுத்ததில் ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு துளை, துளைக்குப் பின்னால் ஒரு குழல். அந்தக் குழலின் நீளத்தை வெட்டி வெட்டிப் பார்த்தே எட்டு மாதம் போனதாம். மூன்றாவது இலவம் பஞ்சு அடைத்து நாலாபுறமும் மூடிய வெறும் பெட்டி.

"ஒரே ஸ்பீக்கர், ஒரே டேப். பெட்டி மட்டும்தான் மாறவேணும்" என்றார். டேப்பில் இருந்தது போன வருடம் பதிந்த என் வாசிப்பு. ஒவ்வொரு முறையும் அந்தப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி மற்றப் பெட்டியில் பூட்டினார். பெரிய பெட்டி தெருக்கோடிவரை எட்டியது. ஆனால் தவிலின் சொற்கள், அதாவது அடிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூடிய பெட்டியில் சத்தம் காணாது, முற்றத்தைத் தாண்டவில்லை. துளைப்பெட்டி முழங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதுதான் அண்ணை!" என்றேன்.

அவர் வேறு டேப் போட்டார். அதே முழக்கம்.

"இது ஆர் வாசிச்சது?"

"நான்தான். எங்கட குசினிக் கதவிலை குத்தினனான். ஆர் எதிலை குத்தினாலும் இது ஒரே மாதிரித்தான் முழங்கும். நீர் வாசிக்காததையும் இது வாசிக்குது."

ஸ்பீக்கரை மூடிய பெட்டிக்கு மாற்றி இரண்டு டேப்பையும் போட்டார். சமையலறைக் கதவு கதவாகவே கேட்டது. என் தொப்பி, அடி அடியாக, தொப்பியாகவே கேட்டது. அவர் மரம் அறுக்கும் வாளை எடுத்து, எட்டு மாத உழைப்பான துளைப்பெட்டியைக் கிடத்தி அறுக்கத் தொடங்கினார். சத்தம் காணாது என்றால் மூடிய பெட்டி நாலு வேண்டும். அதற்குப் பலகை வேண்டும். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

கொழும்பிலிருந்த அவர் மைத்துனர் இன்னும் மூன்று ஸ்பீக்கர் அனுப்பினார். நெடுந்தீவுக் கோயிலுக்கு நாலு பெட்டிகளையும் வள்ளத்தில் ஏற்றிப் போனோம். அன்று மாலை மணலில் இருந்த சனம், அடி உள்ளே அதிர, நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கடைசி வரிசையில் இருந்த கிழவர்கூட எழுந்து நின்றார். எனக்கோ வேறொன்று கேட்டது. வேகமான இடங்களில் என் தொப்பி ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. இத்தனை வருடம் குழாய்கள் மறைத்து வைத்திருந்த பிழை.

"என்ரை பிழையையும் கேக்கப் பண்ணிப்போட்டியள், அண்ணை."

"டேப்பிலை போன வருசமே கேட்டனான்" என்றார் மெதுவாக. "பெட்டியிலை இனித் திருத்த ஒண்டுமில்லை. மிச்சம் உம்மடை கையிலை."

ஊருக்கு முன்னால் அவர் குழாயை நான் தகரப்பேணி என்று பழித்திருந்தேன். என் பிழை ஒரு வருடம் அவர் காதில் இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து வலக்கையை மடியில் வைத்துவிட்டு, தொப்பியை மட்டும் ஒரு மணி நேரம் வாசிக்கப் பழகினேன். இன்று காலையும் வாசித்தேன். என்னைப் பாராட்டுகிறவர்கள் என் இடது கையைத்தான் சொல்வார்கள். அது துரைராசா அண்ணை தந்தது.