கேமரா இல்லாத காலத்துக் கொலைகள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், போன வருடம் ஒரு நாவலைப் படிக்கலாம் என்று சொன்னேன். எண்ணூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒரு மடத்துக் கிணற்றில் பிணம் மிதக்கிறது. யார் கொன்றது என்று அந்த மடத்தின் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரி கண்டுபிடிக்கிறாள்.

வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் சிரித்தார். "இதெல்லாம் டைம்பாஸ் லா. சீரியஸா ஏதாச்சும் சொல்லுங்கம்மா."

"சீரியஸாத்தான் சொல்றேன் சார்."

அவர் அதை வட்டத்தின் பட்டியலில் சேர்க்கவில்லை. எனக்கு வெட்கமும் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், புக்கிட் மேராவிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், அட்டையை மறைக்காமல் இந்தப் புத்தகங்களைத்தான் படிக்கிறேன். சோழர் காலத்துக் கோயில் குளத்தில் பிணம் கிடந்தாலும் சரி, பனி பெய்யும் ஊரில் கிடந்தாலும் சரி, கதை ஒன்றுதான். கைரேகை, ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கதை ஆரம்பிக்கும்போதே அதிகாரி யாரோ ஒரு ஏழையைக் கட்டிப்போட்டிருப்பான். ஒரே ஒருத்தி மட்டும் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்பாள். அந்த "கொஞ்சம் இருங்க"வுக்காகத்தான் நான் படிக்கிறேன்.

தஞ்சோங் பகாரில் ஒரு காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் எனக்கு வேலை. இந்த வருடம் பிப்ரவரியில், ஒன்பதாவது மாடியில் இருப்பவரின் பார்சல் காணாமல் போனது. மகள் கல்யாணத்துக்கு வரவழைத்த பட்டுச்சேலை. வாசலில் வைத்துவிட்டதாக டெலிவரி கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது, வாசலில் ஒன்றுமில்லை. லிஃப்ட் கேமராவில் பார்த்தால், துப்புரவு வேலை செய்யும் பெண் கையில் ஒரு டப்பாவோடு நிற்கிறாள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவள்.

எங்கள் மேனேஜரும் தமிழர்தான். "கேமரா பொய் சொல்லாது. அந்தம்மாவ மாத்தச் சொல்லி அவங்க க்ளீனிங் கம்பெனிக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணுங்க" என்றார்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா எடுத்தேன்னா சொல்லுவாங்க? டைப் பண்ணுங்க."

"மாட்டேன் சார். கொஞ்சம் இருங்க."

பத்து வருட வேலையில் அவரிடம் நான் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

வாசல் காவலர் அறையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அது காலி டப்பாக்கா. பதினொண்ணாவது மாடில ஃபேன் வாங்கினாங்க, அந்த டப்பா. மறுசுழற்சித் தொட்டில போட எடுத்துட்டுப் போனேன்."

பதினோராவது மாடிக்குப் போனேன். அங்கே புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடிக்கு இறங்கி, பார்சலை வைத்தபோது எடுத்த படம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். மெசேஜோடு வந்திருந்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த கதவின் மேல் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அவர் கதவிலோ மாவிலைத் தோரணம்.

"இது உங்க கதவாங்க?"

அவர் படத்தையும் தன் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

டெலிவரிக்காரர் கட்டடம் மாறி வைத்திருக்கலாம் என்று, அடுத்த கட்டடத்தில் அதே மாடி, அதே எண் வீட்டுக்குப் போனேன். பண்டிகை முடிந்து இரண்டு மாதமாகியும் நட்சத்திரத்தைக் கழற்றாத ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். "மருமக ஏதோ ஆர்டர் பண்ணிருப்பான்னு உள்ள எடுத்து வச்சேம்மா" என்று, பிரிக்காத பார்சலை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பதாவது மாடிக்காரர் எனக்கு நன்றி சொன்னார். துப்புரவுப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர், "சரி, முடிஞ்சிருச்சு, விடுங்க" என்றார்.

"முடியல சார். அவங்ககிட்ட நீங்க சாரி சொல்லணும். காவலருங்க முன்னாடி சொல்லணும்."

என்னை முறைத்தார். நான் நகரவில்லை. கடைசியில் என்னோடு காவலர் அறைக்கு நடந்து வந்தார். "சாரி ஆ, தப்பா நெனச்சுட்டோம்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

"என் கையத்தான் பாத்தீங்க சார். டப்பா மேல ஃபேன் படம் போட்டிருந்துச்சு. அத யாரும் பாக்கல."

திரும்பி வரும் வழியில் மேனேஜர் பேச்சை மாற்றுவதுபோல் கேட்டார்: "போலீஸ் மாதிரி பண்றீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"கொலை நாவல் படிச்சு சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.