நடவு வயலில் என் வாட்ச் காட்டிய அறுபது கலோரி

திருக்காட்டுப்பள்ளியில் இன்று எங்கள் வயலில் நடவு. எடை குறைக்கும் ஆர்வத்தில் நானும் சேற்றில் இறங்கினேன்.

இரண்டு மணி நேரம் குனிந்து நட்டுவிட்டு, வரப்பில் ஏறி வாட்சைப் பார்த்தால், அறுபது கலோரிதான் எரிந்ததாம். எரித்த அளவுக்குத்தான் மதியச் சோறு என்பது இந்த மாதம் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

நடவுக்கு வந்திருந்த செல்வி அக்கா, தன் தூக்குவாளி மூடியில் சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றி நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி, இடுப்பு விட்டுப் போயிருக்கும்."

"வேணாங்க்கா. சோறு திங்கிற அளவுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லன்னு இது சொல்லுது" என்று மணிக்கட்டைக் காட்டிச் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

அக்கா வயலை ஒருமுறை பார்த்தார். "நாங்க விடியக்காலையிலேயே எறங்கிட்டோம். அப்ப நாங்களும் சாப்பிடக் கூடாதுங்களா தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே சந்தேகம் போலக் கேட்டார். மூடியிலிருந்த சோற்றை வாளிக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, குடுங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி, உங்களுக்கு ஒத்துக்காது."

இப்போது இடுப்பு நிமிரவில்லை. 'இன்று அதிக நேரம் உட்கார்ந்தே இருந்தீர்கள்' என்று வாட்ச் வேறு சொல்கிறது.

உடற்பயிற்சியில் எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா என்று இந்த எடைக்குறைப்புக் குழுவில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! அது கிடக்கட்டும். நாளைக்கும் நடவு இருக்கிறது. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டோடு போய் உட்கார்ந்தால் அக்கா சோறு போடுவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.