கண்டக்டரம்மா வீட்டுப் பேய்

பஸ்ஸில் நாள் முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வரும் கண்டக்டரம்மாவுக்கு, வீட்டுக்குள் பேய் என்றால் பயமா வரும்? ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக இதே கூத்து. சாயங்காலமானால் தட்டுகள் தானாகப் பறக்கும், டம்ளர்கள் உருளும், கரண்டிகள் சுவரில் மோதும். அத்தனையையும் பொறுக்கிக் கழுவி அடுக்குவது அவள் ஒருத்திதான். புருஷன் சோபாவில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்குப் பேய்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்பான்.

அன்று கதவைத் திறந்ததும் சொம்பு ஒன்று அவள் காதை உரசிக்கொண்டு போனது. தோள்பையைக்கூட இறக்காமல் விசிலை எடுத்து, பஸ்ஸை நிறுத்துவதுபோல ஓங்கி ஒரு தரம் ஊதினாள். பறந்துகொண்டிருந்த தட்டுகள் அத்தனையும் பொத்தென்று விழுந்தன. வீடே கப்சிப்.

அப்பாடா என்று மூச்சு விட்டவள், பழக்கதோஷத்தில் இரண்டு விசில் கொடுத்துவிட்டாள். பஸ் கிளம்ப அதுதானே கணக்கு? தட்டுகளும் ஜோராகக் கிளம்பிவிட்டன. தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி ஒரு விசில் ஊதி அடக்கினாள்.

"இவ்வளவுதானா உன் பவிசு?" என்று பேயைத் திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

போர்வைக்குள்ளிருந்து புருஷன் குரல் கொடுத்தான். "அடங்கிடுச்சா? அப்ப அதையெல்லாம் எடுத்து வச்சுட்டு, சூடா ஒரு டீ போட்டுக் கொண்டா."

பொறுக்கிய தட்டுகளையெல்லாம் அவள் சோபா பக்கத்தில் பதவிசாக அடுக்கினாள். பிறகு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, நிதானமாக இரண்டு விசில் ஊதினாள்.