கப்பை டப்பாவின் துணிக் கட்டு

மட்டாஞ்சேரியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் அப்துல் ஜலீலும் அவர் மனைவி சுல்ஃபத்தும் வசிக்கிறார்கள். ஜலீலுக்குச் சுக்கு, மிளகு விற்கும் சிறு கடை. சர்க்கரை நோய்க்கு இருவேளை இன்சுலின். சுல்ஃபத்துக்கு ஒரு மச்சு; அடுக்களைக்கு மேலே பண்டம் வைக்கும் பரண். அந்த மச்சைப் பற்றியே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு வெள்ளத்தில் லாரிகள் வராமல் கடைகள் காலியாயின. இனி யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று சுல்ஃபத் அன்று முடிவு செய்தார். ஆண்டுதோறும் மழைக்கு முன்பே கப்பை என்னும் மரவள்ளிக் கிழங்கை அரிந்து, அரைவேக்காடாக அவித்து, கல்லாகும் வரை காய வைப்பார். உப்பு மாங்காய், கருவாடு, வறுத்த அரிசி மாவு, தீப்பெட்டி எல்லாம் மச்சில் ஏறும். டப்பாக்களின் வாயைத் துணியால் கட்டிவிட்டால், ஆபத்து வந்தாலொழிய எவரும் தொடக் கூடாது.

"இனிப்பு ஒன்றுமே இல்லையே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரீச்சம்பழம் இருந்துச்சு சாமி. நோன்புக்கு வாங்கினதுல பாதி. எலி தின்னுட்டுப் போச்சு. இந்த மனுஷன் கண்ணுலயும் படவேண்டாம்னு அதோட நிறுத்திட்டேன்."

துணிக் கட்டை அவிழ்த்து, பழத்தைத் தின்று, மறுபடியும் கட்டிவைக்கும் எலி எத்தகையது என்பதை அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. ஒரு கொட்டைகூடக் கீழே கிடக்கவில்லை. ஆயினும் அந்த எலி என் மாடிப்படி வழியாகத்தான் வந்தது என்று சுல்ஃபத்திடமிருந்து வீட்டு உரிமையாளருக்குப் புகார் போயிற்று. அதன் நகலும் நான் அனுப்பிய மறுப்பும் என் கோப்பில் உள்ளன.

சென்ற ஆண்டு மழையும், கடல் பொங்கிக் காயலுக்குள் ஏறும் வேலியேற்றமும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன. நான் மாடியைப் பூட்டிக்கொண்டு காக்கநாட்டில் மகள் வீட்டில் இருந்தேன். ஆகவே, பின்னர் இருவரையும் தனித்தனியே விசாரித்து, முரண்படாதவற்றை மட்டுமே இங்கே தருகிறேன்.

ஜலீல் இன்சுலின் போட்டுக்கொண்டார்; அரிசி ரொட்டியான பத்திரி தட்டுக்கு வருமுன் காயல் நீர் அடுக்களைக்குள் வந்தது. அடுப்பு மூழ்கியது. இருவரும் மச்சில் ஏறினார்கள். சற்று நேரத்தில் ஜலீலுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. இன்சுலின் போட்டும் உண்ணாததால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது; உடனே இனிப்பு வேண்டும். சர்க்கரை டப்பா கீழே தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. மேலே இருந்ததோ ஊறவைத்து வேகவைக்க வேண்டிய கப்பை, உப்பு, மறுபடியும் உப்பு. தெருவில் ஆளில்லை.

"படச்சோனே, இவ்வளவும் சேத்துவெச்சு என்ன பிரயோசனம்!" என்று சுல்ஃபத் அழுதுவிட்டார்.

ஜலீல் விரலை நீட்டினார். "அந்த... கப்பை டப்பா."

"கல்லு மாதிரி இருக்கு. எப்படிங்க கடிப்பீங்க?"

"அடியில. கையை விடு."

கட்டை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்ட சுல்ஃபத், ஒரு பிளாஸ்டிக் பொதியை வெளியே இழுத்தார். உள்ளே பேரீச்சம்பழம்.

"எலி!" என்றார். பிறகு கொட்டையை நீக்கி ஒவ்வொன்றாக ஊட்டினார். "முழுங்குங்க. பேச்சை அப்புறம் வெச்சுக்கறேன்."

ஆபத்து வராமல் திறக்கக் கூடாத டப்பாவைவிடப் பத்திரமான இடம் வேறு உண்டா என்று ஜலீல் பின்னர் என்னிடமே கேட்டார். அன்று நடுக்கம் நின்றதும் அவர் எழுந்து உட்கார்ந்து மிச்சத்துக்குக் கை நீட்டினாராம்.

"எலிக்கு இவ்வளவு போதும்" என்று சுல்ஃபத் பொதியை மடித்துவிட்டாராம்.

இப்போது மச்சின் முன்வரிசையிலேயே பேரீச்சம்பழ டப்பா இருக்கிறது. "பூட்டவில்லையா?" என்றேன்.

"பூட்டினா, உயிர் போற நேரத்துல சாவியைத் தேடறதா? கண்ணுக்கு முன்னால இருந்தா இவரு தொடமாட்டாரு சாமி. திருடினாத்தான் இவருக்கு ருசி."

சென்ற வாரம் ஒரு மின்விளக்கு மாற்ற மச்சில் ஏறினேன். பேரீச்சம்பழ டப்பா நிறைந்தே இருந்தது. ஆனால், கப்பை டப்பாவின் துணிக் கட்டு சுல்ஃபத் போடும் முடிச்சாக இல்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. என் மாடிப்படி மீதான புகார் மட்டும் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை.